பள்ளிகள் மறுபடி மூடப்பட்டால், பிளஸ் டூவை எப்போது அழைப்பது?

2021 ஜனவரி 19 அன்று, பொங்கல் முடிந்த கையோடு, தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் பள்ளிக்குத் திரும்பின. கொரோனாவால் பத்து மாதம் பூட்டிக் கிடந்த கட்டடங்கள். அறைக்கு 25 பேர், வாசலில் காய்ச்சல் பார்க்கும் கருவி, பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம், சத்து மாத்திரை. வர விருப்பமில்லாதவர்கள் வீட்டிலிருந்தே படிக்கலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். மற்ற வகுப்புகளை விட்டுவிட்டு இந்த இரண்டை மட்டும் முதலில் அழைத்ததற்கு ஊரே புரிந்துகொண்ட காரணம், பொதுத்தேர்வு வருகிறது என்பதுதான். அடுத்த மாதமே, பிப்ரவரி 25 அன்று, ஒன்பது, பத்து, பதினொன்று மூன்றும் ஆல் பாஸ் என்று அறிவிப்பு வந்தது. ஜூன் 5 அன்று பிளஸ் டூ தேர்வும் ரத்து. எந்தத் தேர்வைச் சொல்லி அழைத்தார்களோ அது நடக்கவே இல்லை.

அப்படியானால் அழைத்ததே வீண்தானே என்று கேட்டவர்கள் அப்போது நிறையப் பேர். நான் அந்தக் கட்சி இல்லை. அழைத்தது சரி, சொன்ன காரணம்தான் தவறு. அந்தத் தவறான காரணத்தால் அழைத்த நேரமும் விதமும் கோணலாகிவிட்டன. இன்னொரு தொற்று வந்து பள்ளிகளை மூட நேர்ந்தால் கடைசி வருட மாணவர்களை என்ன செய்வது என்ற கேள்வி மறுபடி வரும். அப்போது முதலிலிருந்து யோசிக்காமல், நடந்ததை வைத்தே ஒவ்வொரு வழிக்கும் என்ன விலை கொடுத்தோம் என்று இப்போதே பார்த்து வைப்பது நல்லது.

வீட்டிலேயே இருக்கட்டும்

முதல் வழி எளியது. நோய் அடங்கும் வரை யாரும் வர வேண்டாம். டிவியிலும் போனிலும் படிக்கட்டும்.

இதை மட்டமான யோசனை என்று ஒதுக்க நான் தயாரில்லை. 2020 செப்டம்பர் கடைசியில் மாநிலத்தில் நாளொன்றுக்கு ஐயாயிரத்துக்கு மேல் புதிய தொற்று. தடுப்பூசி என்பது அன்று வெறும் செய்தி. பதினேழு வயதுப் பிள்ளைக்கு நோய் முற்றுவது அபூர்வம்தான். ஆனால் அந்த வயதில் பரப்பும் திறன் பெரியவர்களுக்கு அதிகம் குறைந்ததில்லை. ஒரே அறையில் பாட்டியோடு படுத்துத் தூங்கும் வீட்டில், பிள்ளைக்கு லேசான சளியோடு போவது பாட்டிக்கு அப்படிப் போகாது. அக்டோபர் 1 முதல் பத்து முதல் பிளஸ் டூ வரை விருப்பமுள்ளவர்கள் பள்ளிக்கு வரலாம் என்று உத்தரவு போட்டுவிட்டு, நாள் நெருங்கும்போது அரசு அதைத் திரும்பப் பெற்றது. குழப்பமாகத் தெரிந்தாலும் அந்த வாரத்துக்கு அது சரியான முடிவு.

சிக்கல், வீட்டில் நடந்த படிப்பின் தரத்தில். கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலேயே தொடங்கியிருந்தது நம் அதிர்ஷ்டம். பல மாநிலங்கள் அவசரத்தில் அலைவரிசை தேடிக்கொண்டிருந்தபோது நம்மிடம் ஒன்று தயாராக இருந்தது. அரசுப் பள்ளி மாணவர்களின் இலவச லேப்டாப்புகளில் பாட வீடியோக்களும் ஏற்றித் தரப்பட்டன. ஆனால் தொகையிடல் கணக்கில் மூன்றாவது வரியில் பிடி விட்டுப்போன பிள்ளைக்காக டிவி நிற்காது. போன் அப்பாவுடையது, காலையில் அவரோடு வேலைக்குப் போய்விடும். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு வந்தால் தங்கையின் வகுப்புதான் பெரும்பாலும் விட்டுப்போகும். இன்னொரு பக்கம் பெரிய தனியார் பள்ளிகளில் காலை ஒன்பது மணிக்கு கூகுள் மீட், வாரம் ஒரு தேர்வு. இரண்டு பேருக்கும் கடைசியில் ஒரே கேள்வித்தாள்.

அந்த வருடத்தில்தான் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் வந்தது. 2020 அக்டோபர் கடைசியில் அரசாணை. அதுவரை நீட் தங்களுக்கு எட்டாத சங்கதி என்று இருந்த பயாலஜி குரூப் பிள்ளைகளுக்கு முதல்முறையாக ஒரு கதவு திறந்தது. அதே மாதங்களில் அவர்களின் லேப் பூட்டிக் கிடந்தது.

சந்தேகம் கேட்க மட்டும்

ஒன்றிய அரசு 2020 செப்டம்பர் 21 முதல் அனுமதித்த வழி இது. ஒன்பது முதல் பிளஸ் டூ வரை, பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதத்தோடு, ஆசிரியரிடம் வழிகாட்டுதல் பெற மட்டும் வரலாம். தமிழ்நாடு தயங்கி நின்றபோது புதுச்சேரி அக்டோபர் 8 அன்று பத்தையும் பிளஸ் டூவையும் இப்படி அழைத்தது. அப்போது புதுச்சேரியும் காரைக்காலும் படித்தது நம் பாடத்திட்டம், எழுதியது நம் பொதுத்தேர்வு. கடலூர்ப் பிள்ளை வீட்டில், கூப்பிடு தூரத்துப் புதுச்சேரிப் பிள்ளை பள்ளியில்.

செலவு குறைந்த வழி. கூட்டம் சேராது, பஸ் நிரம்பாது. ஆனால் இதில் அடிப்படையிலேயே ஒரு ஓட்டை உண்டு. சந்தேகம் வர வேண்டுமானால் பாடம் பாதியாவது புரிந்திருக்க வேண்டும். ஆறு மாதமாகப் புத்தகத்தைத் திறக்காதவனுக்கு என்ன சந்தேகம் வரும்? எப்படியும் படித்துக்கொண்டிருந்தவர்கள் வந்து இன்னும் நன்றாகப் படிப்பார்கள். காணாமல் போய்க்கொண்டிருந்தவர்கள் காணாமலே போவார்கள். கேள்வி கேட்கும் தைரியம் இல்லாத கடைசி பெஞ்சுக்கு, தானே கேட்டால்தான் பாடம் என்பது தண்டனை மாதிரி.

இருந்தாலும் இதற்கு ஒரு பயன் உண்டு, அதை யாரும் சரியாகப் பயன்படுத்தவில்லை: யார் வரவில்லை என்பது வகுப்பாசிரியருக்குத் தெரிந்துவிடும்.

பிளஸ் டூவை மட்டும், முழு நேரமாக

ஜனவரியில் நடந்தது இதுதான். அதற்கு முன் நவம்பர் 16 என்று ஒரு தேதி வைத்து, நவம்பர் 9 அன்று பள்ளிதோறும் பெற்றோரைக் கூட்டிக் கேட்டார்கள். கருத்து இரண்டாகப் பிரிந்தது; திறப்பு தள்ளிப்போனது. ஜனவரி முதல் வாரத்தில் மறுபடி கேட்டபோது பெரும்பாலானவர்கள் சரி என்றார்கள். இடையில் மாறியது எண்ணிக்கை. நவம்பரில் நாளுக்கு இரண்டாயிரத்தை ஒட்டியிருந்த தொற்று, ஜனவரி மூன்றாம் வாரத்தில் அறுநூறுக்குக் கீழே. மருத்துவப் பணியாளர்களுக்குத் தடுப்பூசியும் ஜனவரி 16 அன்று தொடங்கியிருந்தது.

இந்த வழியின் உண்மையான விலை நோயில் இல்லை, ஆசிரியர் கணக்கில் இருக்கிறது. அறைக்கு 25 பேர் என்றால் அறுபது பேர் படிக்கும் வகுப்பு மூன்றாகப் பிரிய வேண்டும். அறைக்குப் பஞ்சமில்லை, கீழ் வகுப்புகள் வீட்டில் இருந்ததால் கட்டடம் காலி. ஆனால் பிளஸ் ஒன்னுக்கும் பிளஸ் டூவுக்கும் பாடம் எடுப்பவர் முதுகலை ஆசிரியர். பெரும்பாலான அரசு மேல்நிலைப் பள்ளிகளில் இயற்பியலுக்கு ஒருவர், வேதியியலுக்கு ஒருவர். அவரே ஒரே பாடத்தை மூன்று அறையில் மூன்று முறை நடத்த வேண்டும். கீழ் வகுப்பு பட்டதாரி ஆசிரியர்கள் மேற்பார்வைக்கு உதவலாம், மின்காந்தத் தூண்டல் நடத்த முடியாது. அப்படியானால் அந்த ஆசிரியரிடம் பிளஸ் ஒன்னுக்கு என்ன மிச்சம்? பிப்ரவரி 8 அன்று ஒன்பதும் பதினொன்றும் வந்து சேர்ந்தபோது இந்தக் கணக்கு இன்னும் இறுகியது.

பதிலுக்குக் கிடைத்தது லேப். இதை மட்டும் வீட்டில் எந்தச் செயலியும் தர முடியாது. பருமனறி பகுப்பாய்வில் நிறம் மாறும் அந்த ஒரு சொட்டைக் கையால் பிடித்துப் பழக வேண்டும். வெர்னியர் அளவுகோலைக் கண்ணால் படித்துப் பழக வேண்டும். அதிலும் ஒரு சங்கடம்: நம் பள்ளிகளில் பிப்பெட்டை வாயால் உறிஞ்சித்தான் பழக்கம். முகக்கவசத்தைக் கழற்றி, நாலு பேர் தொட்ட கண்ணாடிக் குழாயை வாயில் வைப்பதைத் தொற்றுக் காலத்தில் எந்த ஹெச்எம் அனுமதிப்பார்? வாய்க்குப் பதிலாக உறிஞ்சும் ஒரு சின்ன ரப்பர் பல்பு இல்லாததால் ஒரு லேப் வகுப்பு பாழாகும் நாடு நம்முடையது.

நோய்ப் பக்கமும் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2021 மார்ச்சில் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரே பள்ளியில் ஐம்பதுக்கு மேற்பட்ட மாணவிகளுக்குத் தொற்று வந்தது. தொடர்ந்து வேறு பள்ளிகளிலும். மார்ச் 22 முதல் ஒன்பது, பத்து, பதினொன்று வகுப்புகள் நிறுத்தப்பட்டன, பிளஸ் டூ மட்டும் தொடர்ந்தது. அதே வாரங்களில் சட்டமன்றத் தேர்தல் பிரசாரம் தெருத்தெருவாக நடந்துகொண்டிருந்தது. வகுப்பறையில் 25 பேருக்குக் கணக்குப் பார்த்த மாநிலம், மைதானத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பார்க்கவில்லை. பிளஸ் டூ செய்முறைத் தேர்வு ஏப்ரல் 16 முதல் 23 வரை நடந்தபோது தினசரித் தொற்று எட்டாயிரத்திலிருந்து பதின்மூன்றாயிரத்துக்கு மேல் ஏறியது. மே மாதம் 36 ஆயிரத்தைத் தொட்ட அலை அது. அந்தச் செய்முறைத் தேர்வை மார்ச் முதல் வாரத்திலேயே முடித்திருக்கலாம். கால அட்டவணை அதன்பாட்டுக்கு இருந்தது, வைரஸ் அதன்பாட்டுக்கு வந்தது.

பள்ளி என்றால் விடுதியும்தான். ஆதிதிராவிடர் நல விடுதியிலும் மற்ற அரசு விடுதிகளிலும் தங்கிப் படிக்கிற பிள்ளைக்கு, விடுதி திறக்காத பள்ளி மூடிய பள்ளிதான். விடுதி எவ்வளவு ஆபத்து என்பதை 2020 டிசம்பரில் ஐஐடி மெட்ராஸ் காட்டியது: மெஸ் ஒன்றில் தொடங்கிய தொற்று சில நாளில் நூறு பேரைத் தாண்டியது. வகுப்பறையைவிடச் சாப்பாட்டு அறையும் படுக்கை வரிசையும்தான் பயப்பட வேண்டிய இடங்கள்.

வேறு வகுப்பை அழைத்த ஊர்கள்

கடைசி வகுப்பைத்தான் முதலில் அழைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. டென்மார்க் 2020 ஏப்ரலில் சின்னக் குழந்தைகளை முதலில் அழைத்தது. அம்மா அப்பா வேலைக்குப் போக வேண்டும், சின்னவர்களால் தனியாகப் படிக்க முடியாது என்ற நியாயம். இங்கிலாந்து கடைசி வருடத் தேர்வுகளை 2020 மார்ச்சிலேயே ரத்து செய்துவிட்டு, ஜூன் 15 முதல் கடைசிக்கு முந்தைய வருடத்தவர்களை அழைத்தது. தேர்வு எழுதாதவர்கள் பள்ளிக்கு எதற்கு என்ற கணக்கு. பிறகு ஆகஸ்டில் கணினிச் சூத்திரத்தில் மதிப்பெண் போட்டு, ஏறக்குறைய நாற்பது சதவீத மதிப்பீடுகள் ஆசிரியர் தந்ததைவிடக் கீழே இறங்கி, மாணவர்கள் தெருவுக்கு வந்து, நாலே நாளில் அந்த முறையையே கைவிட்டார்கள்.

நம் ஊரில் இதற்கு ஒப்பு பிளஸ் ஒன். 2020–21இல் பிளஸ் ஒன் படித்தவர்களை யோசித்துப் பாருங்கள். அவர்களின் பத்தாம் வகுப்புத் தேர்வு 2020 ஜூனில் ரத்தானது; காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணையும் வருகையையும் வைத்துத் தேர்ச்சி. பிளஸ் ஒன்னில் ஆல் பாஸ். 2022 மே மாதம் பிளஸ் டூ தேர்வுக்கு அவர்கள் உட்கார்ந்தபோது, அதுதான் வாழ்க்கையில் அவர்கள் எழுதிய முதல் பொதுத்தேர்வு. நம் கவனம் முழுவதும் அந்தந்த வருடத்துப் பிளஸ் டூ மேல் இருந்ததன் விலையை இவர்கள் கொடுத்தார்கள்.

ஜனவரி 19 அன்று பிளஸ் டூவோடு கூடவே வந்த பத்தாம் வகுப்பின் கதை இன்னும் கசப்பானது. வந்த ஆறாவது வாரத்தில் அவர்களுக்கு ஆல் பாஸ். தேர்வுக்காகத்தான் வா என்று சொல்லி அழைத்த பிள்ளையிடம் தேர்வு இல்லை என்று சொன்னால், அவன் காதில் விழுவது 'இனி வர வேண்டாம்'. இவர்கள்தான் 2023 மார்ச்சில் பிளஸ் டூ எழுத வேண்டியவர்கள். முதல் நாள் தமிழ்த் தாளுக்கே சுமார் 50 ஆயிரம் பேர் வரவில்லை. அத்தனைக்கும் ஆல் பாஸ் ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தேர்வு நாளன்று காலையில் யாரும் திடீரென்று காணாமல் போவதில்லை. பெயர் பதிவேட்டில் இருந்திருக்கும். ஆள் எப்போதோ பனியன் கம்பெனிக்கோ, கட்டட வேலைக்கோ, கல்யாணமாகி வேறு ஊருக்கோ போயிருப்பார்.

பள்ளிக்கு அழைப்பதன் காரணம் தேர்வாக இருக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். தேர்வைக் காரணமாக வைத்தால், தேர்வு போகும்போது பிள்ளையும் போய்விடும்.

தேர்வைத் தள்ளிவைத்துக் காத்திருப்பது

தென்கொரியா கடைசி வருடத்தவர்களை 2020 மே 20 அன்று அழைத்தது. முதல் நாளே இஞ்சியோன் பகுதியில் பல பள்ளிகளில் பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. ஆனாலும் விடவில்லை, நவம்பர் நுழைவுத் தேர்வை டிசம்பர் 3க்குத் தள்ளி நடத்தியே முடித்தார்கள், தொற்று இருந்தவர்கள் மருத்துவமனையில் உட்கார்ந்து எழுதினார்கள். சீனா தன் கல்லூரி நுழைவுத் தேர்வை ஒரு மாதம் தள்ளி ஜூலையில் வைத்தது. இவ்வளவு தூரம் போவானேன், கேரளம் 2021 ஜனவரி 1 அன்றே பத்தையும் பிளஸ் டூவையும் அழைத்து, ஏப்ரல் 8 முதல் தேர்வையும் நடத்திவிட்டது. நாம் அழைத்தது அதற்குப் பதினெட்டு நாள் கழித்து; தேர்வுக்குக் குறித்ததோ மே மாதம். அந்த இடைவெளிக்குள் இரண்டாம் அலை புகுந்துகொண்டது. தேர்தலை ஏப்ரலில் வைத்துக்கொண்டு தேர்வையும் ஏப்ரலில் வைக்க முடியாது என்பார்கள். கேரளத்திலும் தேர்தல் அதே ஏப்ரல் 6தான்.

தள்ளிவைப்பதில் இன்னொரு வலி உண்டு. பொறியியல் சேர்க்கைக்கு நமக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் கட்‑ஆஃப். அது தள்ளினால் கலந்தாய்வு தள்ளும், கல்லூரி தள்ளும். வசதியுள்ள வீட்டில் அந்தக் காத்திருப்புக் காலம் நீட் பயிற்சி மையத்துக்குப் போகும். இல்லாத வீட்டில் கூலிக்குப் போகும். போனவர் சம்பளம் பார்த்தபின் திரும்பி வருவது கஷ்டம்.

ரத்து செய்தபோது என்ன கிடைத்தது? பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 50 சதவீதம், பிளஸ் ஒன்னுக்கு 20, பிளஸ் டூ செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் 30. ஜூலை 19 அன்று எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களும் தேர்ச்சி. அதாவது 2019 மார்ச்சில் பதினைந்து வயதில் எழுதிய தேர்வு பாதி எடை பெற்றது. பத்தாம் வகுப்பில் சுமாராக இருந்து, பிளஸ் டூவில் விழித்துக்கொண்டு படிக்கும் பிள்ளைகள் எந்தப் பள்ளியிலும் உண்டு; அந்த விழிப்புக்கு இந்தச் சூத்திரத்தில் இடமே இல்லை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை வகுப்பில் எழுதிய தேர்வுகளை ஒழுங்காகப் பதிந்து வைத்திருந்தால் இடம் இருந்திருக்கும்.

அடுத்த வருடத்துக்கு நிலைமை இன்னும் மோசம். 2022 ஜனவரியில் ஓமிக்ரானால் பிளஸ் டூ வரை மறுபடி மூடியபோது, அந்த வகுப்பினரிடம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மதிப்பெண்ணும் இல்லை, பிளஸ் ஒன் மதிப்பெண்ணும் இல்லை. பிப்ரவரியில் மாநிலம் முழுக்க ஒரே கேள்வித்தாளில் திருப்புதல் தேர்வு வைத்தார்கள், கேள்வித்தாள்கள் முன்கூட்டியே கசிந்து சிரிப்பாய்ச் சிரித்தது.

என் தேர்வு

மூன்றாவது வழியைத்தான் எடுப்பேன், பிளஸ் டூவை முதலில் அழைப்பதை. ஆனால் ஜனவரி 19 மாதிரி இல்லாமல்.

முதலாவது, மாவட்டவாரியாக. 2020 நவம்பரில் மாநிலத்தின் தினசரி இரண்டாயிரம் தொற்றில் பெரும்பங்கு சென்னை, கோவை, சுற்றுப்புறங்களில். பெரம்பலூர் போன்ற மாவட்டங்களில் பல நாள் ஒற்றை இலக்கம். பெரம்பலூர்ப் பிள்ளை எதற்குச் சென்னைக்காகக் காத்திருக்க வேண்டும்? ஒரு மாவட்டம் முந்திக்கொண்டால் பொதுத்தேர்வில் அநியாயம் என்பார்கள். கூகுள் மீட் இருந்த பள்ளிகள் ஜூன் மாதமே முந்திக்கொண்டுவிட்டன என்பதே என் பதில். எந்த எண்ணிக்கைக்குக் கீழே வந்தால் திறப்போம், எதற்கு மேலே போனால் மூடுவோம் என்பதை முதலிலேயே அறிவித்துவிட்டால், உத்தரவு போடுவதும் திரும்பப் பெறுவதுமான ஆட்டம் குறையும்.

இரண்டாவது, லேப் முதலில். தியரியில் ஒரு பகுதி டிவியிலேயே தொடரட்டும். பள்ளிக்கு வரும் முதல் நாலு வாரத்தில் செய்முறை வகுப்புகளை முடித்து, செய்முறைத் தேர்வையும் அங்கேயே வைத்து மதிப்பெண்ணைப் பதிந்துவிடலாம். அலை எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாதபோது, மறுபடி செய்ய முடியாததை முன்னால் செய்வதுதான் புத்தி.

மூன்றாவது, பிளஸ் டூவை வாரம் ஆறு நாளும் வைத்துக்கொள்ள வேண்டாம். நாலு நாள் அவர்களுக்கு, இரண்டு நாள் பிளஸ் ஒன்னுக்கு. ஒரே முதுகலை ஆசிரியர், ஒரே லேப். பகிர்ந்துதான் ஆக வேண்டும். மாதம் ஒரு தேர்வு வைத்து அன்றே மதிப்பெண்ணை ஏற்றிவிட்டால், பொதுத்தேர்வு நடந்தால் அது பயிற்சி, நடக்காவிட்டால் அதுவே ஆதாரம். பள்ளிகள் மதிப்பெண்ணை அள்ளிக் கொடுக்கும் என்ற பயம் நியாயமானது. விடைத்தாளைப் பக்கத்துப் பள்ளிக்கு அனுப்பித் திருத்தச் சொன்னால் பாதி அடங்கும்.

ஆசிரியர்களுக்குத் தடுப்பூசி இருந்தால் மருத்துவப் பணியாளர்களுக்கு அடுத்த வரிசையில் போட வேண்டும். தேர்தல் பணிக்கு என்றபோது போட முடிந்ததே.

வருகை கட்டாயம் வேண்டாம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. நெஞ்சுநோய்க்காரர் இருக்கும் வீட்டிலிருந்து பிள்ளையை அனுப்பு என்று எந்த அரசும் சொல்லக் கூடாது. ஆனால் வராதவர் இரண்டு வகை: வீட்டில் இருந்து படிப்பவர், படிப்பையே விட்டுக்கொண்டிருப்பவர். வருகைப் பதிவேட்டில் இரண்டு பேருக்கும் ஒரே குறிதான் விழுகிறது. அதனால் முதல் நாள் மாலையே வராதவர்கள் பட்டியலை எடுத்து, வகுப்பாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவில் அந்தத் தெருக்காரர் ஒருவரும் ஒரு வாரத்துக்குள் வீடு வீடாகப் போய் வர வேண்டும். போன் போட்டு விசாரித்தால் 'படிக்கிறான் சார்' என்றுதான் பதில் வரும். பையன் திருப்பூரில் இருக்கிறானா என்பது வாசலில் போய் நின்றால்தான் தெரியும். அந்த வாரத்தில் தெரிந்தால் கூட்டி வரலாம், இரண்டு வருடம் கழித்துத் தமிழ்த் தாள் அன்று தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை.